தத்தன் காத்த வாயில்

பொய்வேடம் ஒன்றை நம்பி ஒருவர் கெட்டுப்போனால் குற்றம் வேடம் பூண்டவருடையதா, நம்பியவருடையதா என்னும் கேள்வி தமிழ்ச் சமயச் சிந்தனைக்குப் பழையது. கைப்பேசி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இந்நாளில் அது அன்றாடக் கேள்வியும் ஆகிவிட்டது. கேடு செய்வதற்கென்றே எழுதப்படும் கணினி நிரலைத் தீநிரல் என்பர். அவற்றுள் தொற்றுநோய்போலத் தானே பரவும் வகை ஒன்று. பயனுள்ள நிரலின் தோற்றத்தில் வந்து, பயன்படுத்துபவர் தம் கையாலேயே உள்ளே சேர்த்துக்கொள்ளும்படி செய்யும் வகை மற்றொன்று. கிரேக்க வீரர் ஒளிந்திருந்த மரக்குதிரையை ட்ராய் நகரத்தார் தாமே மதிலுக்குள் இழுத்துச் சென்ற கதையை ஒட்டி, இந்த இரண்டாம் வகைக்கு ட்ரோஜன் குதிரை என்னும் பெயர் நிலைத்தது. ஆயினும் இதன் இயல்பை மரக்குதிரையைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருக்கிறது.

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சடைமுடி கட்டிச் சிவனடியார் வேடத்தில் அரண்மனைக்கு வருகிறான். அவன் கையிலுள்ள சுவடிக் கட்டுக்குள் கத்தி மறைந்திருக்கிறது. வாயில்கள் ஒவ்வொன்றிலும் காவலர் வேடத்தைக் கண்டு வழிவிடுகின்றனர். கடைசி வாயிலில் நிற்கும் தத்தன் மட்டும், மன்னர் உறங்கும் நேரம் என்று சொல்லித் தடுத்துப் பார்க்கிறான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி உள்ளே நுழைந்தவன், அதைத் தனியிடத்தில்தான் உரைக்க வேண்டும் என்று கேட்க, அரசி விலகிச் செல்கிறாள். மன்னர் தரையில் அமர்ந்து கேட்கத் தலைப்படுகிறார். சுவடி அவிழ்கிறது, கத்தி பாய்கிறது. ஓடிவந்து வாளை ஓங்கிய தத்தனைத் தடுத்து, வந்தவர் நம்மவர் என்று சொல்லும் மன்னர், அவருக்கு ஊறு நேராமல் ஊர் எல்லை கடத்திவிட ஆணையிட்டு, அது நிறைவேறிய செய்தி வரும்வரை உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்றைய தீநிரல் நுழையும் முறையும் ஏறத்தாழ இதே வரிசையில் அமைகிறது. தறியும் வயலும் வாழ்வாதாரமாக உள்ள சுந்தரபாண்டியம் போன்ற ஊர் ஒன்றில், விவசாயி ஒருவரின் வாட்ஸ்அப்பில், பி.எம். கிசான் உதவித்தொகை பற்றியதாகவோ திருமண அழைப்பிதழாகவோ போக்குவரத்து அபராதச் சீட்டாகவோ தோன்றும் கோப்பு வந்து சேர்கிறது. அதன் பெயர் ஏ.பி.கே. என்று முடிவதால் அது படிப்பதற்கான கோப்பு அன்று, கைப்பேசியில் நிறுவப்படும் செயலி என்பது அறிந்தவர்க்கு விளங்கும். எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அறியாத இடத்திலிருந்து வருகிறது என்று கைப்பேசி எழுப்பும் எச்சரிக்கை, தத்தன் சொன்ன தடைபோல ஒரு கணம் நின்று விலகுகிறது. பின்னர் அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. ஆகமத்தின் பேரால் தனிமை கேட்டதுபோல, உதவித்தொகையின் பேரால் கேட்கப்படும் அனுமதி அது. கிடைத்ததும், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண், கைப்பேசி உடையவர் பார்ப்பதற்கு முன்பே வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது.

இங்கே ஏமாறுவது கருவி அன்று என்பதை ஊன்றி நோக்க வேண்டும். கருவிக்கு வேடம் என்று ஒன்று தெரியாது. கொடுத்த அனுமதிக்குள் இட்ட கட்டளையை அது நிறைவேற்றுகிறது, அவ்வளவே. பெயர், படம், அரசு முத்திரை ஆகிய ஒப்பனை முழுவதும் மனிதரின் மதிப்புணர்வை நோக்கியே செய்யப்படுகிறது. ஆகவே இது தொழில்நுட்பக் குற்றமாக இருப்பதற்கு முன்பே அறக்குற்றமாக இருக்கிறது. களவு போவது பணம் மட்டுமன்று, பலர் நெடுங்காலம் நேர்மையாக நடந்து ஓர் அடையாளத்துக்குச் சேர்த்து வைத்த மதிப்பும் களவு போகிறது. 1989-இல் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் தட்டு என்ற பெயரில் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டன. கணினியைப் பலமுறை இயக்கிய பின் கோப்புப் பெயர்களை மறைத்துவிட்டுப் பணம் கேட்ட அந்த நிரல், அக்காலத்தின் பெருந்துயர் ஒன்றையே வேடமாகப் பூண்டு வந்தது.

வேடம் பொய்யாகலாம் என்று தெரிந்தும் தமிழ்ச் சமயங்கள் வேடத்தைக் கைவிடவில்லை என்பது வியப்புக்குரியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பா, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழச் சொல்கிறது. வைணவத்திலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாள், திருப்பாவையின் ஆறாம் பாசுரத்தில், தாயாக வந்து நஞ்சூட்டிய பூதனையையும் வண்டியாக வந்த சகடனையும் அடுத்தடுத்து நிறுத்தி, கள்ளத்தனம் என்னும் அடையை அந்த வண்டிக்கே சூட்டுகிறாள். வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியைவிட ஐயத்துக்கு இடமில்லாத பொருள் ஆயர்பாடியில் வேறு என்ன இருந்திருக்க முடியும்? எனினும் பாகவதம், பூதனைக்குத் தாய்க்குரிய கதி கிடைத்தது என்று சொல்லி முடிக்கிறது. பொய்யாகப் பூண்டபோதும் தாய்மை வேடம் தன் பெருமையை இழக்கவில்லை என்பது இதன் உட்பொருள்.

இதிலிருந்து, எதையும் ஆராயாமல் உள்ளே விடுவதே பக்தி என்று முடிவு கட்டுவது பிழை. நாயனார் கொடுத்தது தம் உயிரை. அது கொடுப்பதற்கு அவருக்கே உரியது. பிறருடைய உயிரும் பொருளும் ஒருவர் பொறுப்பில் இருக்கும்போது கேள்வி வேறாகிறது. திருவள்ளுவர் இந்த வேறுபாட்டை நூலமைப்பிலேயே காட்டியிருப்பதாகக் கொள்ளலாம். பொய்வேடத்தைக் கடியும் கூடாவொழுக்கம் அறத்துப்பாலில் இருக்கிறது. புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனையும் புலித்தோல் போர்த்து மேயும் பசுவையும் காட்டும் அந்த அதிகாரம், வேடம் பூண்டவரைத்தான் இடித்துரைக்கிறதே ஒழிய, நம்பிக் கெட்டவரைப் பழிக்கவில்லை. ஆராய்ந்து நம்புதலைக் கூறும் தெரிந்துதெளிதலோ பொருட்பாலில், ஆட்சி நடத்துபவரின் கடமைகளுள் ஒன்றாக அமைகிறது. அதாவது, ஆராயும் சுமை முதன்மையாக வாயிலைக் காக்கும் அதிகாரம் உடையவர் மீதே விழுகிறது.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வலையமைப்போடு இணைக்கப்படாமல் தனித்திருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் தெரிவித்தது. முற்றத்துக்கு வந்தவர் உள்ளறைக்கும் போய்விட முடியாதபடி இடையில் வைக்கப்பட்ட அந்தப் பிரிவுதான் அங்கே தத்தனின் வேலையைச் செய்தது. ஒரு நிரலுக்கு அதன் பணிக்கு வேண்டிய அளவுக்கு மேல் உரிமை தரலாகாது என்று 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் வகுத்துரைத்த கொள்கையின் சாரமும் இதுவே. ஆராய்ச்சிக்கும் எல்லை உண்டு என்பதை 1984-இல் கென் தாம்சன் தம் டூரிங் விருது உரையில் காட்டினார். மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றித்தரும் கருவிக்குள்ளேயே வஞ்சகம் புகுத்தப்பட்டால், எழுதிய நிரலை வரிவரியாகப் படித்தாலும் அது அகப்படாது, எனவே ஏதோ ஓரிடத்தில் மனிதரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

ஆகவே கோப்பைத் திறந்து பணத்தை இழந்த முதியவரை, படித்த பிள்ளைகளே எள்ளி நகையாடுவது கொடுமையிலும் கொடுமை. அரசின் முத்திரையை மதித்தது குடிமக்கள் செய்ய வேண்டிய செயலே. அந்த மதிப்பைத் திருடியவரை விட்டுவிட்டு மதித்தவரைக் குற்றவாளியாக்கும் வீட்டில், அடுத்த முறை நேர்வதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இணையவழிப் பண மோசடிகளுக்கான 1930 என்னும் உதவி எண்ணில் உடனே முறையிட்டால் பணம் கைமாறுவதை இடைவழியில் நிறுத்த வாய்ப்பு மிகுதி. அந்த வாய்ப்பைப் பலநேரம் வெட்கமே விழுங்கிவிடுகிறது.

முத்தநாதனை எல்லை கடத்திவிட்டுத் தத்தன் திரும்பி வந்து சொன்ன பின், திருநீற்றின்பால் கொண்ட அன்பைக் குறையாமல் காக்கும்படி உரியவர்களிடம் சொல்லி மன்னர் உயிர் துறக்கிறார். அந்த ஆணையைக் கேட்டுவிட்டு மறுபடியும் வாயிலுக்குப் போன தத்தன், சுவடிக் கட்டோடு வந்த அடுத்த அடியாரிடம் என்ன செய்தான் என்பதைப் புராணம் சொல்லவில்லை. கீழே விழுந்து வணங்கியிருப்பான். வணங்கி எழுந்தபின், கட்டை அங்கேயே அவிழ்த்துக் காட்டும்படி பணிவோடு கேட்டும் இருப்பான்.