பூச்சுக்கு அடியில்

கொட்டிவாக்கத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வாழும் நண்பர் ஒருவரின் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு கார் பல்லாண்டுகளாக நின்றிருந்தது. மறைந்த தந்தையார் ஓட்டிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சக்கரங்கள் மணலில் புதைந்திருந்தன. அதைப் புதுப்பிக்கப் போவதாக அவர் கூறியபோது, இது வீண்விரயம் ஆகாதா என்று நாம் கேட்டுவிட்டோம். கேட்டது தவறென்று இன்றும் நாம் எண்ணவில்லை. ஆயினும் அதனினும் கடினமான வினா ஒன்று பட்டறையில் காத்திருந்தது.

அதற்குமுன் இவ்வண்டியின் குலப்பெருமையைச் சிறிது சொல்லவேண்டும். இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் நம் வண்டலூரிலும் உருவாயிற்று. இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். பணமுடையால் அதன் மாதிரி வண்டி ஆலை மூலையில் போர்வைக்கடியில் கிடந்தது. 1961இல் ஆலையை வாங்கிய லேலண்டு நிறுவனத்தார் போர்வையை விலக்கிப் பார்த்து வியந்தனர். 1962இல் விற்பனைக்கு வந்த அது 1980 வரை உற்பத்தியாயிற்று. கைவிடப்பட்டதெல்லாம் பயனற்றதன்று என்பதற்கு இது நல்ல சான்றுதான். ஆனால் கொட்டிவாக்கத்து வண்டியின் மேல் படிந்ததோ உப்புக்காற்று!

ஹெரால்டின் உடல் வேறு, அடிச்சட்டம் வேறு. சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கரங்களே உடலைத் தாங்குகின்றன. நீரும் மண்ணும் தங்கி முதலில் துருப்பிடிப்பவையும் அவையே. மெக்கானிக் திருப்புளியால் குத்தினார். அது உள்ளே இறங்கிவிட்டது.

“பாய், பட்டி வச்சு மூடிடலாமா, இல்ல வெட்டி எடுத்துடலாமா? மூடினா செலவு கம்மி. வெளியே தெரியாது.”

நண்பர் எம் பக்கம் திரும்பினார். “நான் இதை விற்கப்போவதில்லையே. பின் யாரை ஏமாற்றுகிறேன்?” என்றார்.

எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று அது. வாங்குவோனிடம் குறையை மறைப்பது குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வாங்குவோனே இல்லாதபோது? ஆனால் அவ்வண்டியில் அவர் மகள் அமர்வாள். நாளை அது எவர் கைக்கேனும் போகும். நம் கையிலுள்ள பொருள் நமக்குப்பின் வருவோரின் அமானிதம் அன்றோ? அதைவிட, தாமே பூசிய பட்டியை நாளடைவில் இரும்பென்றே நம்பிவிடும் இயல்பு மனிதனுக்கு உண்டு.

“எல்லாவற்றையும் மாற்றினால் இது அத்தாவின் வண்டியாக இருக்குமா?” என்றும் அவர் கேட்டார். கூரை வீட்டின் கீற்றை ஆண்டுதோறும் மாற்றுகிறோம். அது பாட்டனார் வீடு என்ற பெயர் மாறுவதில்லை. புதுக்கீற்றைப் பழங்கீற்று என்று சொன்னால்தான் பொய்.

வெட்டியெடுக்கச் சொன்னார். வெட்டியபோதுதான் ஒன்று வெளிப்பட்டது: துருவின்மேல் ஏற்கெனவே ஒரு பட்டிப்பூச்சு, அதன்மேல் பழைய பச்சை வண்ணம். தந்தையார் காலத்து வேலை. அவர் அறிந்து செய்வித்தாரா, அவருக்கே தெரியாமல் எவரேனும் பூசினரா? நண்பர் அத்துண்டை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு குப்பையில் எறியாமல் பையில் போட்டுக்கொண்டார்.

வண்டி இன்னும் வண்ணம் காணவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் போக மிஞ்சுவதைக் கொண்டே வேலை நடக்கிறது. பிரைமர் பூச்சோடு பட்டறையில் நிற்கிறது.