சூடின்மையும் தீயின்மையும்

ஒரு பொருளைக் காணாமை, அப்பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகுமா என்ற வினா இந்தியத் தருக்க நூல்களில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவது. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் என மடங்கள் நெருங்கி அமைந்த காவிரிப் படுகையில் தலைமுறை தலைமுறையாகப் பாடஞ்சொல்லப்பட்ட சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசுமுன் அளவையைப் பற்றிப் பேசுகிறது. அளவையாவது, ஒன்றை உள்ளபடி அறிவதற்கான கருவி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதன் ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் வகுத்த அந்த அளவைகளைச் சோதித்துப் பார்க்க மலையும் புகையும்தான் வேண்டும் என்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து, சேறும் கிரீசும் அப்பிய அறுவடை இயந்திரத்தைக் கழுவ நிறுத்தியிருக்கும் கொட்டகையில், வெந்நீர் பிரஷர் வாஷரின் குழாயிலிருந்து பச்சைத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போதும் அதே வினாதான் எழுகிறது.

இந்த வாஷரில் பம்பு அழுத்தித் தள்ளும் நீர், காயில் எனப்படும் சுருள்குழாய் வழியே ஓடுகிறது. அச்சுருளைச் சூழ எரியும் டீசல் பர்னர், ஓடும் நீரையே பொதுவாக 80, 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிவிடுகிறது. தீ பிறப்பதற்கு முன் பல இசைவுகள் கூடவேண்டும்: நீர் ஓடுவதை உணர்ந்து ஃப்ளோ சுவிட்ச் இணைப்பைத் தரவேண்டும், குறித்த சூடு இன்னும் எட்டவில்லை என்று தெர்மோஸ்டாட் விடவேண்டும், சோலனாய்டு வால்வு திறந்து, நாசில் டீசலை நுண்திவலையாகத் தூவவேண்டும், புளோயர் காற்றை ஊட்ட, இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு இடையே 10,000 வோல்ட் அளவிலான மின்பொறி பாயவேண்டும். இவ்வாறு காரணங்கள் எல்லாம் ஒருங்கு கூடிய நிலையைத் தருக்க நூலார் காரண சாமக்கிரி என்பர். காரியம் நிகழ்ந்தால் அத்தனையும் கூடின என்று துணியலாம். நிகழாதபோது ஏதோ ஒன்று குறைந்தது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. பழுது பார்ப்பவர் எதிர்கொள்ளும் தொல்லை முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் பிறக்கிறது.

சித்தியார், அனுமானத்துக்கு உதவும் ஏதுக்களை மூன்றாகப் பிரிக்கிறது: பொருளின் இயல்பைக் கொண்டு அறிதல், காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிதல், ஒன்றன் இன்மையைக் கொண்டு மற்றொன்றன் இன்மையை அறிதல். மூன்றாவதற்கு அனுபலத்தி என்று பெயர். குளிர் இல்லாமையால் பனி இல்லை என்பது அதற்கு நூல் காட்டும் எடுத்துக்காட்டு. பனி உள்ள இடத்தில் குளிர் தவறாது இருக்குமாதலால் அம்முடிவு பழுதற்றது. அதே முறையில் சூடு இல்லாமையால் தீ இல்லை என்று கூறினால் அதுவும் சரியே, ஆனால் தீ இருக்கவேண்டிய இடத்தில் கைவைத்துப் பார்த்தவருக்கு மட்டுமே சரி. குழாய் முனையில் சூடில்லை என்பதிலிருந்து பர்னரில் தீயில்லை என்று தாவுபவர் இரண்டு வெவ்வேறு இடங்களின் சூட்டை ஒன்றாக்கிவிடுகிறார். நல்ல எலெக்ட்ரோடுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றுக்குப் பணம் கொடுப்பவர்களில் பலர் செய்வது இந்தத் தருக்கப் பிழைதான்.

காரியத்தைக் கொண்டு காரணத்தை அறியும் வழியிலும் வழுக்கல் உண்டு. புகையால் நெருப்பை அறிதல் சமயத்தார் பலருக்கும் பொதுவான எடுத்துக்காட்டு. ஆயினும், காவிரி கடலோடு கலக்கும் புகாரில் தொடங்கும் மணிமேகலை, தன் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்த அளவை நூலின் போலி ஏதுக்களை விரிக்கும்போது, எதிரே தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவதைச் சித்தாசித்தம் என்னும் குற்றமாகக் குறிக்கிறது. வாஷரின் புகைபோக்கி அக்குற்றத்துக்கு வாய்த்த களம். டீசல் தூவப்பட்டும் பொறி பாயாதபோது, காந்தும் வாடையோடு அடர்ந்த வெண்புகை எழும்பும்; அது எரியாத எரிபொருளின் ஆவியேயன்றி நெருப்பின் காரியம் அன்று, நெருப்பு இல்லாமையின் அடையாளம். அப்போது மறுபடி மறுபடி சுவிட்சைப் போடுபவர், உள்ளே தேங்கிய டீசல் திடீரெனப் பற்றிக் குபீரென்று வெளியே சீறும் ஆபத்தை வரவழைத்துக்கொள்கிறார். கரும்புகை இதற்கு நேர்மாறானது: தீ உண்டு, காற்று போதவில்லை. ஒரு புகை என்ன புகை என்று உறுதிசெய்யாமல் அதை ஏதுவாக வைக்கக்கூடாது என்ற விதியை, ஏடு படிக்காத மெக்கானிக்கும் கடைப்பிடிக்கத்தான் செய்கிறார்.

இவை அனைத்தினும் நுட்பமானது, இயந்திரமே அனுபலத்தியைக் கையாளும் இடம். பல பர்னர்களில் சுடரைப் பார்த்துக்கொண்டிருக்க போட்டோசெல் என்னும் ஒளியுணரி உண்டு. சுடரின் ஒளி தென்படாவிட்டால் தீ அணைந்துவிட்டது என்று கொண்டு டீசலை நிறுத்திவிடும்படி அது இணைக்கப்பட்டிருக்கும். அவ்வுணரியின் கண்ணாடியில் கரி படிந்துவிட்டால், கண்ணெதிரே தீ எரிந்துகொண்டிருக்கவும் அது இல்லையென்றே கொள்ளும். பர்னர் பற்றும், சில விநாடிகளில் அணையும், மறுபடி பற்றும். ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த ஆசிரியர் தர்மகீர்த்தி, காணாமை இன்மையை நிறுவ வேண்டுமானால், அப்பொருள் காணத்தக்கதாகவும், இருந்திருந்தால் தவறாது கண்டிருக்கும்படி காண்பதற்கான மற்றக் காரணங்கள் நிறைந்தும் இருக்கவேண்டும் என்று வரையறுத்தது இத்தகைய பொய்யான இன்மையைத் தடுப்பதற்கே. கரியை மெல்லிய துணியால் துடைத்த பிறகும் தீ நிலைக்காவிட்டால், டீசலில் கலந்த தண்ணீரையோ அடைத்த பில்டரையோ தேடலாம்; துடைக்காமல் தேடுவது வீண்.

இனி ஒன்று உண்டு: தீ நன்றாக எரிகிறது, போட்டோசெல்லும் பொய் சொல்லவில்லை, ஆயினும் நீர் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களில் போர் நீர் உப்புத்தன்மையும் கடினத்தன்மையும் உடையதாதலால், அத்தகைய நீரை நாள்தோறும் காய்ச்சும் சுருளின் உட்புறத்தில் சுண்ண உப்பு ஏடு ஏடாகப் படிகிறது. வெளிப்புறத்தில் கரி ஏறுகிறது. தீயின் சூடு நீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியே வெளியேற, போக்கியின் தகரம் வழக்கத்தைவிடக் கொதிக்கிறது. உள்வழி குறுகுவதால் பம்பின் அழுத்தமானியும் ஏறிக்காட்டுகிறது. பகலில் உண்ணாதவன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான் என்று கொள்ளும் அருத்தாபத்தி, அதாவது வேறு வழியால் பொருந்தாத ஒன்றைப் பொருத்த மற்றொன்றைக் கொள்ளுதல், இங்கே வேலை செய்கிறது: டீசல் செலவாகிறது, சுடர் எரிகிறது, நீர் சூடேறவில்லை என்றால், இடையில் மறைப்பு ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

சைவ சித்தாந்தம் உலகாயதருக்குச் சொல்லும் விடையின் அமைப்பும் இதுவே. கண்ணுக்குத் தெரியாததால் கடவுள் இல்லை என்பவரைச் சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியாகிய பரபக்கம் முதலில் எதிர்கொள்கிறது. காட்சி என்பது ஐம்பொறிக் காட்சி மட்டுமன்று, மனக்காட்சி, தன் இன்பதுன்பங்களை உயிர் தானே உணரும் தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்பனவும் உண்டு என்பது அந்நூலின் நிலை. அருள் எங்கும் நிறைந்திருந்தும் உயிர் அதை உணராதிருப்பதற்கு, ஆணவம் முதலிய மலங்களின் மறைப்பைக் காரணமாக அது காட்டுகிறது. நெல்லை மூடிய உமியும் தவிடும் முளையுமாக அம்மலங்களை உவமிப்பது, வயல்வெளி மாணாக்கருக்கு விளக்கம் வேண்டாத உவமை.

ஆயினும் இவ்விடை முழுப் பலம் பெறுவதற்கு ஒரு தடை இருக்கிறது. உப்பு படியாத சுருள் ஒருகாலத்தில் இருந்தது, அது கொதிநீர் தந்தது என்பது அறியப்பட்ட செய்தி. மலமோ அநாதி, உயிரோடு தொடக்கமின்றியே இருப்பது என்கிறது சித்தாந்தம், ஆகையால் மறைப்பற்ற நிலையை முன்பு கண்டு ஒப்பிடும் வாய்ப்பு உயிருக்கு இல்லை. மறைப்பு உண்டு என்பதை எந்த இன்மைக்கும் சமாதானமாகச் சொல்லிவிடலாம் என்ற ஐயம் இங்கேதான் நுழைகிறது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சித்தாந்தி இதற்கு, காட்சிக்கும் அனுமானத்துக்கும் அடுத்த மூன்றாவது அளவையாகிய உரையை, அதாவது நம்பத்தக்கோர் வாக்கை, முன்வைப்பார்: பழைய வாஷரை விலைக்கு வாங்கிய மெக்கானிக் அது கொதித்ததைத் தானே கண்டதில்லை, உடலில் பதித்த தகட்டின் வாசகத்தை நம்பியே சுருளுக்குள் நீர்த்த அமிலத்தைச் சுற்றவிட்டு உப்பைக் கரைக்கிறார், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளும் அவ்வாறே செய்து பார்க்கச் சொல்லப்பட்டவை. அவ்விடை பொருந்துகிறது, ஒரு வேறுபாட்டோடு. உப்பு கரைந்த சுருளின் வெந்நீர் அருகில் நிற்கும் எவர் கையையும் சுடும், தகட்டை நம்பாதவர் கையையும் சேர்த்து. மலம் பக்குவப்பட்டவரின் அனுபவம் அவருக்குக் காட்சியாக இருந்தாலும், உலகாயதருக்கு அது மறுபடியும் உரையாகவே வந்து சேர்கிறது.