என் பேருக்கும் ஒரு முழுக்கு

ஜப்பானுக்குச் சுற்றுலா விசா கேட்கும் இந்தியர்கள் கொடுக்க வேண்டிய தாள்களில் ஒன்று, நாள்வாரியான பயணத் திட்டம். எந்தத் தேதியில் எந்த ஊர், என்ன செய்யப்போகிறீர்கள், இரவு எங்கே தங்குவீர்கள், அந்த இடத்தின் தொலைபேசி எண் என்ன. பன்னிரண்டு நாள் என்றால் பன்னிரண்டு வரி. 'சும்மா சுத்திப் பாக்கலாம்னு' என்று எழுத அதில் கட்டம் கிடையாது.

நானும் மனைவியும் வரும் நவம்பருக்காக இந்தப் பன்னிரண்டு வரியைத்தான் இரண்டு மாதமாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிறோம். டோக்கியோ, கனசாவா, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா, ஒசாகா. ஏன் நவம்பர் என்றால், இலை. ஜப்பானில் மரங்கள் சிவப்பது வடக்கே ஹொக்கைடோவில் தொடங்கி, வாரம் வாரமாகத் தெற்கே இறங்கி, நவம்பர் பின்பாதியில் கியோட்டோவைத் தொடும். புயல் எங்கே கரையைக் கடக்கும் என்று நம்மூரில் சொல்வதுபோல, சிவப்பு எந்தத் தேதியில் எந்த ஊருக்கு வரும் என்று அங்கே வானிலை நிறுவனங்கள் முன்னறிவிப்பு வெளியிடுகின்றன. மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கூகுள் ஷீட்டில் ஊருக்கு ஒரு டேப். சாப்பாட்டுக்குத் தனி டேப். ஏழு நாள் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டதால், அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட இன்னொரு டேப்.

திட்டம் வளர வளர, மூன்று பேர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்பதுபோல் இருந்தது. தூதரகம் கேட்கிறது: எப்போது திரும்பிப் போவாய்? அப்பா கேட்கிறார்: அங்க இன்னா இருக்குது? மூன்றாமவர் நான் பார்த்தேயிராத ஒரு கியோட்டோக்காரர்: என் வீட்டு வாசலில் ஏன் நிற்கிறாய்? சந்தோஷத்துக்காக நாலு இடம் பார்க்கக் கிளம்புகிறவன் இவர்களில் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்?

1

முதல் கேள்வியை வெறும் அலுவலக நடைமுறை என்று தள்ளிவிடத் தோன்றும். இலக்கிய வாசகர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு: பயணி வேறு, சுற்றுலாக்காரன் வேறு. பட்டியல் போட்டு டிக் அடிப்பவன் சுற்றுலாக்காரன். கால் போன போக்கில் போகிறவன்தான் பயணி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கால் போன போக்கில் போக முதலில் பாஸ்போர்ட் வேண்டும், அது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதும் முக்கியம். ஜப்பானியர் ஒருவர் சென்னையில் வந்திறங்கி விமான நிலையத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம். நான் அவர் ஊருக்குப் போக, ஒவ்வொரு இரவும் எங்கே படுப்பேன் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். திட்டமில்லாமல் அலைவது ஒரு வசதி. எல்லா நாட்டுக்காரருக்கும் அது வாய்ப்பதில்லை.

அலைந்து திரிந்த கவி என்று நாம் கொண்டாடும் பாஷோவுக்கும் அது முழுதாக வாய்க்கவில்லை. 1689இல் எடோவிலிருந்து கிளம்பி, சீடர் சோராவோடு வடக்கே மாதக்கணக்கில் நடந்தார். போன வழியெல்லாம் அவர் தேடிப்போனது பழைய கவிதைகளில் பேர் பெற்ற இடங்களை. ஜப்பானிய மரபில் அவற்றுக்கு 'உதாமகுரா' என்று பெயர். நாம் பாடல் பெற்ற தலங்கள் என்போமே, கிட்டத்தட்ட அப்படி. அந்த இடங்களைப் பற்றி சோரா முன்கூட்டியே குறிப்பெடுத்து வைத்திருந்தார். அதாவது, பாஷோவிடமும் ஒரு ஷீட் இருந்தது. ஷிதோமாயே என்ற சாவடியில் காவலர்கள் சந்தேகப்பட்டு, லேசில் விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் சாவடி தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். எடோவுக்குள் வரும் துப்பாக்கிகளையும் எடோவிலிருந்து வெளியேறும் பெண்களையும் குறிப்பாகச் சோதித்தார்கள். பிரபுக்களின் மனைவிமார் எடோவில் பிணைபோல வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் தப்பிப் போய்விடக் கூடாது.

ஆக, 'எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய்' என்பது அரசுகள் எப்போதும் கேட்டுவந்த கேள்வி. அதற்குப் படிவத்தை நிரப்பினால் போதும், மனசாட்சியைக் கூப்பிட வேண்டியதில்லை. இதில் எனக்குக் கிடைத்தது ஒரு சின்னத் தெளிவு: பட்டியல் போடுவது பாவம் இல்லை. பட்டியலில் யாருக்காக என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், விழுப்புரம் ஜங்ஷனில். ஓய்வுக்குப் பிறகு திண்டிவனத்தில் வீடு கட்டிக்கொண்டார். திட்டத்தைச் சொன்னபோது கேட்டார்:

"அங்க இன்னா இருக்குது?"

"எலயெல்லாம் செவந்துருக்கும்ப்பா. மலை முழுக்க."

"உதுரப்போற எலயப் பாக்க அஞ்சு லட்சமா? நம்ம வேப்பமரம் மாசி மாசம் கொட்டுது. பெருக்கி மாளல."

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்; இந்த முறை அக்கரை சிவப்பு. யோசித்தால் நம்மூர் மரங்களும் சிவக்கத்தான் செய்கின்றன. அரசும் மாவும் வேம்பும் துளிர்க்கும்போது செம்பு நிறமாக இருக்கும். நம் மரங்கள் பிறக்கும்போது சிவக்கின்றன, அங்கே உதிரும்போது. அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அப்பாவிடம் சொல்ல எனக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

காசுக் கேள்விக்குத் தத்துவத்தில் கடுமையான ஒரு வடிவம் உண்டு. பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரையில் கேட்டார்: குளத்தில் ஒரு குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது, சட்டை நனையுமே என்று இறங்காமல் நிற்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா. அப்படியென்றால் தூரதேசத்தில் சாகும் குழந்தைக்காக உங்கள் ஆடம்பரத்தை ஏன் விடக்கூடாது? இந்த வாதத்தை எனக்கு முறியடிக்கத் தெரியாது. ஆனால் அது ஜப்பானோடு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, அலமாரியில் படிக்காமல் கிடக்கும் புத்தகங்கள், எல்லாவற்றின் மேலும் பாயும். சம்பளத்தில் ஒரு பங்கை முதலிலேயே அடுத்தவருக்கென எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தில் வாழ்வது என்று நாங்கள் வைத்திருப்பது ஒரு சமரசம். சமரசம் என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறோம்.

அப்பா கேட்டது வேறு. அதற்கு அவருடைய காசி யாத்திரையைச் சொல்ல வேண்டும்.

1994இல் அவர் ரயில்வே பாஸில் காசிக்குப் போனார். அப்போது விழுப்புரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க வீட்டுக்கு ஆள் வந்தபடியே இருந்தது. ஒருத்தர் உண்டியலில் போடச் சொல்லி மஞ்சள் துணியில் காசு முடிந்து கொடுத்தார். பக்கத்து வீட்டு ஆயா, "என் பேருக்கும் ஒரு முழுக்கு போட்டுட்டு வாப்பா" என்றது. அப்பா ஒரு சின்ன நோட்டில் பேரெல்லாம் எழுதிக்கொண்டார். அவருடைய பயணத் திட்டமே அந்தப் பேர்ப் பட்டியல்தான். கங்கையில் ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பதினேழு முழுக்கு போட்டதில் சளி பிடித்துத் திரும்பி வந்தார். வீட்டுக்கு ஒரு காசிக் கயிறு, மூடி ஒட்டிய குட்டிச் சொம்பில் கங்கைத் தண்ணீர். பிறகு ஒரு வாரத்துக்குக் கதை. போனது ஒருத்தர். தெருவே போய்வந்தது.

எடோ காலத்து ஜப்பானில் இதையே இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். இசே கோவிலுக்குப் போக வேண்டும் என்பது அங்கே சாதாரண மக்களின் வாழ்நாள் ஆசை. தனியாகப் போகக் காசு இருக்காது. அதனால் ஊர்க்காரர்கள் 'கோ' என்ற சங்கமாகச் சேர்ந்து, நாம் சீட்டுக் கட்டுவதுபோல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, குலுக்கலில் பேர் விழுந்தவர்களை அனுப்பினார்கள். அவர்கள் எல்லார் சார்பிலும் கும்பிட்டு, எல்லாருக்கும் காப்புச் சீட்டு வாங்கி வர வேண்டும். இன்றும் ஜப்பானியர்கள் வெளியூர் போனால் அலுவலகத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் தின்பண்டம் வாங்கி வருகிறார்கள். 'ஒமியாகே' என்னும் இந்தப் பழக்கத்தின் வேர் இந்த யாத்திரைகளில் இருப்பதாகச் சொல்வார்கள்.

தமிழில் இதே வேலையை அச்சில் செய்தவர் ஏ.கே.செட்டியார். 1930களில் டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார். அவருடைய 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற புத்தகத் தலைப்பே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. கப்பல் டிக்கெட்டைக் கனவிலும் நினைக்க முடியாத வாசகர்கள் பேருக்கெல்லாம் அவர் முழுக்குப் போட்டார் என்றே நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பின்னணியில் கேட்டால், 'அங்க இன்னா இருக்குது' என்பதன் பொருள் 'எங்களுக்கு இன்னா எட்டுனு வருவ' என்பதுதான். எங்கள் ஷீட்டில் அதற்கு டேப் இல்லை.

3

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 2024இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 3 கோடியே 68 லட்சம் பேர். அதே ஆண்டில் கியோட்டோவின் கியோன் பகுதியில், தனியாருக்குச் சொந்தமான சந்துகளுக்குள் சுற்றுலாக்காரர்கள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். வேலைக்குப் போகும் கெய்ஷாப் பெண்களை வழிமறித்துப் படம் எடுக்கும் தொல்லை அந்த அளவுக்கு முற்றியிருந்தது. ஃபூஜி மலைக்குக் கீழே ஒரு சிற்றூரில், கடைக்குப் பின்னால் மலை தெரியும் படத்துக்காகக் கூட்டம் ரோட்டை அடைத்ததால், மலையே தெரியாதபடி கறுப்பு வலை கட்டினார்கள். கியோட்டோ தோஃபுகுஜி மடாலயத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. செர்ரி மரம் இருந்தால் பூப் பார்க்கக் கூட்டம் வந்து துறவிகளின் தவம் கெடும் என்று, பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அங்கிருந்த செர்ரிகளை வெட்டச் செய்தார்களாம். மேப்பிள் மட்டும் தப்பித்தது. இன்று இலை சிவக்கும் பருவத்தில் கியோட்டோவிலேயே பெரிய கூட்டங்களில் ஒன்று அங்கேதான். நெரிசலுக்குப் பயந்து, அந்தப் பருவத்தில் பாலத்தின் மேல் நின்று படம் எடுக்கத் தடையே போட்டிருக்கிறார்கள்.

கூட்டம் எங்களுக்கும் புதிதில்லை. இலை சிவக்கும் அதே வாரங்களில்தான் பெரும்பாலும் கார்த்திகை தீபம் வரும். திருவண்ணாமலைக்குப் போகிற ஜனம் விழுப்புரத்தில் ரயில் மாறும், பஸ் மாறும். அதில் யாரும் விழுப்புரத்தைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. திண்டிவனமும் அப்படித்தான், திருச்சிக்கோ புதுச்சேரிக்கோ போகிறவர்கள் டீ குடிக்க இறங்குகிற ஊர். கடந்துபோகிற கண்களுக்கு முன்னாலேயே வளர்ந்தவன் நான். ரயில் ஜன்னலில் இருப்பவருக்கு, பிளாட்பாரத்தில் நிற்கிற சிறுவன் ஒரு காட்சி. கியோனில் கேமராவுக்கு மாட்டும் பெண்ணும் ஒரு காட்சி. யாருமே பார்க்காத ஊர், எல்லாரும் பார்க்கிற ஊர், இரண்டுக்கும் நடப்பது ஒரே தப்புதான். அங்கே ஆள் இருப்பது கண்ணில் படுவதில்லை.

திருவக்கரைக்குப் போனவர்களுக்கு இது புரியும். திண்டிவனத்திலிருந்து அதிக தூரம் இல்லை. வக்கிரகாளியம்மன் கோவிலில் பௌர்ணமிக்கு நிற்க இடம் இருக்காது. ஊரை ஒட்டி, சுமார் இரண்டு கோடி ஆண்டு வயதுள்ள கல்மரங்கள் கிடக்கும் பூங்காவை எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சம்தான். போன வருஷம் போனபோது அங்கே ஒரு பெரியவர் கூடவே நடந்து வந்தார். மரத்தின் ரேகை கல்லில் அப்படியே இருப்பதைத் தொட்டுக் காட்டினார். கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. அதனால் இவை இங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் அடித்து வந்து சேர்த்தவை என்கிறார்கள் புவியியலாளர்கள். அதைத்தான் அவர் சொன்னார்: "இதுங்களும் வெளியூருதான் சார்." அவர் இல்லாமல் நான் பத்து நிமிடத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். ஓர் இடத்தைப் பார்ப்பது என்பதில் பாதி, அந்த இடத்தின் மனிதர் ஒருவர் நம்மோடு ஒரு மணி நேரம் இருக்கச் சம்மதிப்பது. அதைத் திட்டத்தில் எழுத முடியாது. அதற்கு இடம் விடலாம்.

4

அதனால் ஷீட் மாறியிருக்கிறது. ஆறு ஊர் நாலாகிவிட்டது. கனசாவாவும் ஹிரோஷிமாவும் இன்னொரு ஜென்மத்துக்கு. கியோனில் சாயங்கால நடை எடுபட்டுவிட்டது. கியோட்டோவில் ஒரு நாளின் வரியில் தங்குமிடம் தவிர ஒன்றும் இல்லை. புதிதாக ஒரு டேப் சேர்ந்திருக்கிறது: பேர்கள்.

இது இன்ஸ்டாவில் போடுவதற்குச் சமம்தானே என்று மனைவி கேட்டாள், அங்கேயும் நாலு பேருக்குக் காட்டத்தானே போடுகிறோம் என்று. ரீல்ஸில் நான் அங்கே இருந்தேன் என்பது மட்டும் தெரியும். முழுக்கில் தண்ணீர் என் தலையில், பேர் ஆயாவுடையது. இதைச் சொன்னதும், தன் சித்தி பேரைப் பட்டியலில் முதலில் எழுதினாள்.

அம்மாவுக்கு ஒசாகா பக்கத்தில் மினோ என்ற ஊரின் இலை பஜ்ஜி. மேப்பிள் இலையை உப்பில் ஒரு வருஷம்போல ஊறவைத்து, இனிப்பு மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். கற்பூரவல்லி இலையில் பஜ்ஜி போடுகிற அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை; உப்பும் இனிப்பும் எப்படி ஒத்துப்போகிறது என்று மட்டும் பார்த்துவந்து சொல்ல வேண்டுமாம்.

அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். ஜப்பானில் ரயில்வேக்காரர்கள் சிக்னலை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார்கள் என்று எங்கேயோ பார்த்திருக்கிறார். நம்மூரில் டிரைவரும் உதவி டிரைவரும் சிக்னலை ஒருத்தருக்கொருத்தர் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள். அதே வேலை, கூட ஒரு விரல். "தனியா நிக்கும்போதும் நீட்றானா, யாராச்சும் பாக்கும்போது மட்டும் நீட்றானான்னு பாத்துனு வா" என்றார்.

பதினொன்றாம் நாள், ஒசாகா: காலை ஒரு மணி நேரம், பிளாட்பாரத்தின் கடைசி முனை, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக. விசா படிவத்தில் இதை எப்படி எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.