எஞ்சியிருப்போரின் ஒளி



பேசாலை, தலைமன்னார், வங்காலை ஊர்களில் காரல் மீனை அறியாத வீடு இல்லை. சொதி வைக்கிறோம்; கருவாடு போடுகிறோம். விலை குறைந்த மீன் என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் அந்தச் சின்ன மீனின் தொண்டைக்குழலைச் சுற்றி இறைவன் ஒரு விளக்கை வைத்திருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் அங்கே குடியிருந்து ஒளி கொடுக்கின்றன. அவ்வொளி மீனின் வயிற்றுப் பக்கமாகப் பரவுகிறது. கீழேயிருந்து இரை தேடி வரும் பெரிய மீனின் கண்ணுக்கு நிழல் தெரியாமல் காரல் தப்பிக்கொள்ள இது உதவுகிறது என்பர்.

ஒளிரும் பற்றீரியாக்களில் காரலுடையதற்கு உறவான வேறோர் இனத்தை அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து, 1970ஆம் ஆண்டில் ஒரு புதுமையை வெளியிட்டார்கள். குடுவையில் வளர்ந்த பற்றீரியாக்கள் தொகையில் பெருகிக்கொண்டே இருந்தன; ஆனால் வெளிச்சம் அதற்கேற்பக் கூடவில்லை. பின்பு, போதிய கூட்டம் சேர்ந்ததும், சொல்லிவைத்தாற்போல எல்லாம் ஒளிரத் தொடங்கின.

யார் சொன்னது? எப்படிச் சொன்னது? ஒவ்வொரு பற்றீரியாவும் ஒரு சிறு இரசாயனப் பொருளைச் சிறிது சிறிதாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டேயிருக்கிறது. அதுவே அதன் பேச்சு. பரந்த கடலில் தனித்து மிதக்கும்போது அந்தப் பேச்சு கரைந்து போய்விடும். நெருங்கி வாழும் இடத்திலோ அப்பொருள் சேர்ந்து செறிந்து, ஒவ்வொன்றின் உள்ளும் மீளப் புகுந்து, ‘நாம் போதிய அளவில் இருக்கிறோம், இனி ஒளிரலாம்’ என்று அறிவிக்கிறது. ஒளி கொடுப்பதற்கு மிகுந்த சக்தி செலவாகும். ஒன்று தனித்து எரிந்தால் யார் கண்ணிலும் படாது. ஆகவேதான் காத்திருந்து, கூடி எரிகின்றன.

நமது கடற்றொழிலாளர் சங்கங்களில் கோரம் சேராவிட்டால் கூட்டம் நடத்த முடியாதல்லவா? 1994ஆம் ஆண்டில் அறிஞர்கள் அந்தச் சொல்லையே எடுத்துப் பற்றீரியாக்களின் இந்தச் செயலுக்கும் பெயராக வைத்தார்கள்.

பிரியமானவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. தீக்காயங்களிலும் ஆறாத புண்களிலும் தங்கும் சில கிருமிகளும் இப்படியே பேசுகின்றன. சிலராய் இருக்கும்வரை அடங்கியிருந்து, கூட்டம் சேர்ந்ததும் நஞ்சைக் கக்குகின்றன. கூடுதல் என்பது தன்னளவில் புண்ணியமும் ஆகாது, பாவமும் ஆகாது. எதற்காகக் கூடுகிறோம், எந்தச் சொல்லை ஒருவருக்கொருவர் பரிமாறுகிறோம் என்பதே கேள்வி. கிணற்றடியிலும் வாடியிலும் நாம் உதிர்க்கும் ஒரு பழிச்சொல் தனியே நிற்கும்போது சிறியதுதான். பத்து வாய்கள் அதையே சொன்னால் ஒரு குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாமற் போகிறது.

இப்போது நம் வேதனைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டில் நம் உறவுகள் எத்தனையோ பேர் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். மண்டபம் முகாமில் வருடக்கணக்காய்க் காத்திருந்தார்கள். பிறகு கனடா, இலண்டன் என்று சிதறினார்கள். பூட்டிய வீடுகள் இன்றும் நம் தெருக்களில் உண்டு. “ஆட்கள் இல்லை, சுவாமி, இனி யாரைக் கூட்டிச் செபமாலை சொல்வது?” என்று ஒரு தாய் கேட்டால், அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஹவாய்த் தீவுகளின் கரையோரத்தில் வாழும், கட்டைவிரல் அளவான ஒரு கணவாயிடம் அந்தப் பதில் இருக்கிறது. அதன் உடலிலும் இந்த ஒளிப் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் விடியும்போது அது தன்னிடமுள்ள பற்றீரியாக்களில் நூற்றுக்கு 95 பங்கைக் கடலில் தள்ளிவிடுகிறது. எஞ்சுவது 5 பங்கு மாத்திரமே. அந்த ஐந்து பங்கும் தன் பேச்சை நிறுத்துவதில்லை. கேட்க ஆளுண்டா என்று பார்ப்பதுமில்லை. பகலெல்லாம் பெருகி, சேதி சொல்லி, இரவு வரும்போது விளக்கு மீண்டும் எரிகிறது. வெளியே தள்ளப்பட்டவையும் வீணாவதில்லை. புதிதாய்ப் பொரித்த கணவாய்க் குஞ்சுகளைச் சேர்ந்து, அங்கேயும் விளக்கேற்றுகின்றன.

இரண்டு மூன்று பேர் தம் பெயரால் கூடினாலே போதும், அவர்கள் நடுவில் தாம் இருப்பதாக ஆண்டவர் வாக்களித்தார் (மத். 18:20). அவர் குறித்த கோரம் அவ்வளவு சிறியது! நம்மில் எந்த வீட்டில் அது சேராது?

ஆகவே இன்று மாலை, வீட்டில் இருவரே இருந்தாலும் முழந்தாளிட்டுச் செபியுங்கள். பூட்டிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனித்திருக்கும் ஆச்சியிடம் போய் ஒரு நல்ல வார்த்தை பேசுங்கள். மனத்தாங்கலால் பேச்சை நிறுத்திய சகோதரன் இருந்தால் முதற் சொல்லை நீங்களே சொல்லுங்கள். தூர தேசத்துப் பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், காசு கேட்பதற்கு முன் செபத்தைப் பற்றிக் கேளுங்கள்.

உங்கள் சொல் தண்ணீரில் கரைந்துவிட்டது போலத் தோன்றலாம். சொல்லிக்கொண்டேயிருங்கள். அடுத்த முறை காரல் மீனைக் கழுவும்போது, அதன் தொண்டையில் எரிந்த விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.