குரலும் சங்கிலியும்

2004 டிசம்பர் 26இல் பொங்கியெழுந்த கடல், கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. அன்று மகனைப் பறிகொடுத்த தாயொருத்தியை நாம் அறிவோம். சுபஹு வேளையில் "உம்மா" என்று அவன் அழைப்பது இன்றும் அவள் காதில் விழுகிறதாம். அவள் தறியில் நெய்கிறாள். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். ஆயினும் அயலார் அவளுக்குச் சூட்டிய பெயர் 'விசரி'.

குரல் கேட்பது ஒன்றே பித்துக்குச் சான்றாகுமா?

வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரை வைத்தியர் ரீஸ் விசாரித்து, முடிவை 1971இல் வெளியிட்டார். அவர்களுள் நூற்றுக்குப் பதின்மூவர் மறைந்தவரின் குரலைக் கேட்டிருந்தனர். இத்தகைய அனுபவம் பெற்றோருள் பெரும்பாலோர் அதனை எவரிடமும் சொன்னதில்லை. கனடாவில் பென்ஃபீல்ட் என்னும் சத்திர வைத்தியர், வலிப்பு நோயாளரின் மூளையை ஓரிடத்தில் மின்சாரத்தால் தூண்டியபோது, சிலருக்குப் பழகிய குரல்கள் கேட்டன. மனச்சிதைவு நோயிலோ குரல்கள் இகழ்ந்தும் ஏவியும் மனிதனை அலைக்கழிக்கக் கூடும். அனுபவம் ஒன்று, அதன் வேர்களோ பல.

ஆகவே, குரல் கேட்கிறதா என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. அது அவர் வாழ்வை என்ன செய்கிறது என்று கேட்டல் வேண்டும். உறக்கத்தைக் கெடுத்து, உயிரை மாய்த்துக்கொள் என்று ஏவுமாயின், உடனே வைத்தியரை நாடுவதே கடமை. ஜின் என்று சொல்லி, ஓதிக் கட்டும் நூலோடு மாதங்களைப் போக்குவது அன்பாகாது. துயரின் குரலை நோயென்று முத்திரை குத்துவதும் அறிவாகாது.

இவ்விரு தவறுகளுக்கும் அப்பால் கொடிய தவறொன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6இல், தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த கொட்டகையொன்று தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. அவர்களை அங்கே விட்டுச் சென்ற உறவினர் எல்லோரும் கல்நெஞ்சரா? அல்லர், வைத்தியம் எட்டாத வறியோர் அவர்களுள் பலர். சங்கிலியை வார்த்ததில் வறுமைக்கும் பங்குண்டு. வறுமையைப் பொறுத்துக்கொள்ளும் சமுதாயத்துக்கும் பங்குண்டு.

நமக்கும் பங்குண்டு. வகுப்பறையில் ஒரு மாணவன் "எனக்குக் குரல் கேட்கிறது" என்றால் எழும் சிரிப்பு, அவன் வாயை அடைத்துவிடும். வாயடைத்தவன் எப்படி வைத்தியரிடம் செல்வான்?

அந்தத் தாயிடம், மகன் என்னதான் சொல்கிறான் என்று அண்மையில் கேட்டோம். சாப்பிட்டாயா என்று விசாரிப்பானாம். இதைக் கேட்க நமக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. அவளிடம் அதற்குமுன் எவருமே அப்படிக் கேட்டதில்லையாம்.