கூடா? கூண்டா?

தம்பி தங்கைகளே, தமிழில் கூடு, கூண்டு என்று இரண்டு சொற்கள் உண்டு. கேட்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பொருளில் ரொம்ப தூரம். பறவை தான் பிழைப்பதற்காகத் தேடிக்கொள்வது கூடு. நம் வசதிக்காக அதை அடைத்து வைப்பது கூண்டு.

2022-இல் கோழி விலை ஏறி, அரசாங்கம் ஜூன் முதல் தேதியிலிருந்து கோழி ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டுக் கடைசியில் முட்டைக்கும் தட்டுப்பாடு. அப்போது, "வீட்டுக்குப் பின்னால நாமே நாலு கோழி வளர்த்தா என்ன?" என்ற எண்ணம் பல வீடுகளில் எழுந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த ரகக் கோழி, எத்தனை முட்டை என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு நாம் கொடுக்கப்போவது கூடா, கூண்டா? பார்த்தால் தச்சுவேலைக் கேள்வி மாதிரி தெரியும். அதற்குள்ளே தர்மத்தைப் பற்றிய கேள்வி உட்கார்ந்திருக்கிறது.

"அடைச்சு வைக்கிறதே பாவம்தானே? அவுத்து விட்டா அது பாட்டுக்கு மேயும். அதுதானே சுதந்திரம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் கோழிகள் அப்படித்தான் திரிந்தன. ஆனால் இன்றைய தாமான் வீட்டைப் பாருங்கள். முன்னால் கார் ஓடும் ரோடு, பின்னால் கால்வாய், இரண்டு வீடு தள்ளி நாய். அங்கே அவிழ்த்து விடுவதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியுமா? கை கழுவுவது என்றுதான் சொல்லணும்.

கோழியின் பூர்வீகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். இன்று உலகம் முழுக்க வளரும் வீட்டுக் கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. மலாயில் ஆயாம் ஹுத்தான் என்பார்கள். நம் நாட்டுக் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இன்றும் அது இருக்கிறது. அதற்குக் கூரையும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். இருட்டும் நேரத்தில் சிறகடித்து மரக்கிளையில் ஏறிவிடும். முட்டையிடப் புதர் மறைவு, கிளறுவதற்கு மண், வெயிலுக்கு நிழல், ஆபத்து வந்தால் ஓட இடம். தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையானது எல்லாம் அதனிடமே இருந்தது.

மனிதன் அதைப் பழக்கினான். எடையைக் கூட்டினான், முட்டையைக் கூட்டினான். பறக்கும் வலு குறைந்தது. ஆகவே வீட்டுக் கோழிக்கு நாம் கட்டிக் கொடுக்கும் எதையும் தானம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். கதவைச் சாத்துகிற கை, அந்தக் கோழி தனக்காகச் செய்துகொண்டிருந்த அத்தனை வேலையையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது.

இப்படிப் பார்த்தால், எது நல்ல கூடு என்பது தானாகத் தெளிவாகிவிடும். நாலு கோழியை வைத்துக் கணக்குப் போடுவோம்.

மரக்கிளையை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பதில் இரவில் உட்கார ஒரு கட்டை. ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல நீளம், ஆக நாலுக்கும் சேர்த்து 4 அடிக் கட்டை. சுமார் 2 அங்குல அகலமும் மழுங்கிய விளிம்பும் இருந்தால் காலுக்கு நல்லது. முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் அது இருக்கணும். இல்லாவிட்டால் கோழி பெட்டியிலேயே தூங்கி, அங்கேயே எச்சமிடும்.

புதரை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பதில் ஓரடிச் சதுரத்தில் கொஞ்சம் இருட்டான பெட்டி. நாலு கோழிக்கு ஒன்று போதும்.

மண்ணை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பதில் உள்ளே ஒரு கோழிக்கு 4 சதுர அடி, வெளியே வலையடித்த முற்றத்தில் 10 சதுர அடி. நாலு கோழி என்றால் உள்ளே நாலடிக்கு நாலடி, வெளியே ஐந்தடிக்கு எட்டடி. முற்றத்தின் ஒரு மூலை மழை படாமல் காய்ந்திருக்கட்டும். கோழி மண்ணில் புரண்டுதான் குளிக்கும். பேனை உதிர்ப்பதும் அப்படித்தான்.

காற்றை எடுத்துக்கொண்டோம். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். குளிர் நாட்டுப் படத்தைப் பார்த்து நாலு பக்கமும் பலகை அடித்த பெட்டி, நம் ஊர் மதிய வெயிலில் அடுப்பாகிவிடும். சுவரின் மேல்பகுதி வலையாகத் திறந்திருக்கட்டும். சாரல் அடிக்காதபடி கூரை நீண்டு இறங்கட்டும். தகரக் கூரை என்றால் மரநிழலில் வையுங்கள், அல்லது மேலே அத்தாப்பு போடுங்கள். தரையை 2 அடி உயர்த்தினால் கீழே காற்று ஓடும், அடைமழையில் தண்ணீர் ஏறாது.

இப்போது இணையக் கடையில் விற்கும் ஒரு கூட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிவப்புக் கூரை, குட்டி சன்னல், "6 கோழிக்கு ஏற்றது" என்ற வாசகம். அளந்து பார்த்தால் மூன்றடிக்கு நாலடி, அதாவது 12 சதுர அடி. மூன்று கோழிக்குத்தான் சரியாக வரும். விற்பவர் கணக்குப் போட்டது கோழி நிற்கும் இடத்தை. அது நடந்து, சிறகு விரித்து வாழும் இடம் அந்தக் கணக்கில் வரவில்லை. பெரிய பண்ணைகளின் கம்பிக் கூண்டும் இதே கணக்கில் பிறந்ததுதான். அந்தக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் தரை பெரும்பாலும் ஓர் ஏ4 தாளைவிடச் சின்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் அந்த வகைக் கூண்டைத் தடை செய்தது. "அந்த முட்டை வேணாம், பாவம்" என்று சொல்லிக் கோழி வளர்க்க வந்த நாம், அதே கணக்கைச் சிவப்புக் கூரைக்குக் கீழே போட்டால் அதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

அடுத்தது இரவு. மூசாங் வரும், மலைப்பாம்பு வரும், எலி வரும். காலையில் கதவைத் திறந்தால் இறகு மட்டும் கிடக்கும். உடனே மூசாங்கைத் திட்டுவோம், பொறி வைப்போம். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மூசாங்குக்குத் தெரிந்தது பசி. கோழிக்குத் தப்பிக்க மரம் இல்லை, வழியை நாம் அடைத்துவிட்டோம். நாளைக்கு என்ன நடக்கும் என்று இன்றைக்கே யோசிக்கத் தெரிந்தவர் அந்த மூவரில் ஒருவர்தான். ஆகவே பொறுப்பும் அவருக்குத்தான். ஓட்டையை விட்டு வைத்துவிட்டு மிருகத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே நிறுத்தும். வேட்டைக்கு வருவதை வெளியே நிறுத்தாது. அரை அங்குலச் சதுரக் கண் உள்ள கெட்டியான கம்பி வலைதான் வேண்டும். தோண்டி நுழைவதைத் தடுக்க அதை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கணும், அல்லது வெளிப்பக்கம் தரையோடு விரிக்கணும். சும்மா மாட்டும் கொண்டியைக் குரங்கே திறந்துவிடும், பூட்டுப் போடுங்கள். இதற்கெல்லாம் கூடுதல் செலவாகும். அந்த வெள்ளியை மிச்சம் பிடிப்பவர் தன் காசைப் பணயம் வைக்கவில்லை, இன்னோர் உயிரை வைக்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரரும் இந்தக் கணக்கில் உண்டு. உங்கள் வட்டார ஊராட்சி மன்றம் கோழி வளர்க்க அனுமதிக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், ஆகவே விடியற்காலைக் கூவலை அடுத்த வீட்டார் மேல் சுமத்த அவசியமில்லை. தீனியை மூடி போட்ட டின்னில் வைத்தால் எலி வராது. தண்ணீரைத் தினமும் மாற்றினால் ஏடிஸ் கொசு வளராது. ஓர் உயிரிடம் காட்டும் அன்பு இன்னொருவருக்குத் தொல்லையாக முடியக் கூடாது.

கடைசியாக, யாரும் முன்கூட்டியே கேட்காத கேள்வி. பெட்டைக் கோழி முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாக முட்டையிடும். பிறகு குறைந்துகொண்டே போகும். நல்ல கவனிப்பில் அது 5 முதல் 8 ஆண்டு வரை உயிரோடு இருக்கும். மிச்ச ஆண்டுகளில் அதை என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு வீடு பழக்கம் வேறு. கறிக்கு என்பார்கள் சிலர், சாகும்வரை சோறு போடுவோம் என்பார்கள் சிலர். எதுவானாலும் குஞ்சு வாங்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கூட்டின் அளவே அதைப் பொறுத்துத்தான். கிழக்கோழிகளையும் வைத்துக்கொண்டு புதியவற்றையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், நாலுக்குக் கட்டிய கூடு பத்தாது.

முருகன் கொடியில் சேவலுக்கு இடம் கொடுத்துக் கும்பிடுகிற மக்கள் நாம். பின்கட்டில் இருக்கும் கோழிக்கு 4 சதுர அடி கொடுப்பது பெரிய காரியமில்லை. இடமோ காசோ நேரமோ இப்போது இல்லையென்றால், "இந்த வருஷம் வேணாம்" என்று தள்ளிப் போடுவதும் ஜீவகாருண்யம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வளர்த்தே தீருவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று சொல்லணும். கோழி பழகிவிட்டால், பொழுது சாயும்போது யாரும் விரட்டாமலே உள்ளே போய்விடும். நல்ல கூடா, மோசமான பெட்டியா என்று அதற்கு அளந்து பார்க்கத் தெரியாது. அந்த நம்பிக்கைக்கு நாம்தான் ஈடு கட்டணும். ஆகவே கூட்டை வாங்கும் முன்போ கட்டி முடித்த பின்போ, ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு அதற்குள் தலையை நுழைத்து ஐந்து நிமிஷம் இருந்து பாருங்கள். உங்களுக்கு மூச்சு முட்டினால், கோழியை இன்னும் அழைத்து வராதீர்கள்.