கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா?

ஒரு பொருளை விற்கிறோம். வாங்குபவர் கேட்காத குறையை நாம் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? போன மாதம் வரை "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பாவின் காடிக்கு 22 வயது. அதை விற்க முடிவு செய்த வாரம், நிறுத்தியிருந்த இடத்தில் பச்சையாய் ஒரு திட்டு. கூலண்ட் ஒழுகியிருந்தது. எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியக் குழாய் ஒன்றில் ஊசிமுனை அளவு ஓட்டை.

"எதுக்குப் புதுசு மாத்துற? ஒழுகலை அடைக்கிற மருந்து ஒரு போத்தல் ஊத்து. விக்கிற வரைக்கும் தாங்கும்" என்றார் மாமா. ஊற்றினேன். அதிலுள்ள நுண்துகள்கள் ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டன. மறுநாள் தரை காய்ந்திருந்தது.

காடியைப் பார்க்கப் பக்கத்துத் தாமான் அண்ணன் ஒருவர் வந்தார். கிள்ளானிலிருந்து தினமும் ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகிறவர்; காலையில் இரண்டு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட வேண்டும். குனிந்து காடிக்கு அடியில் பார்த்தார். "ஒழுகல் ஒண்ணும் இல்ல போல" என்று திருப்தியாக எழுந்தார். அது கேள்வி இல்லை. நானும் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. "பழைய காடின்னா வாங்குறவன்தான் பார்த்து வாங்கணும்" என்று மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அண்ணன் பார்த்தாரே! பார்த்தால் தெரிந்திருக்க வேண்டியதைத் தெரியாமல் செய்தது நான்தானே? நான் சும்மா இருக்கவில்லை. மறைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

தருமர் ஞாபகம் வந்தார். அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்ல முணுமுணுத்தார். சொல்லில் பொய் இல்லைதான். ஆனாலும் தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்று மண்ணில் இறங்கியது என்கிறது பாரதம். நாம் என்ன சொன்னோம் என்பது மட்டும் கணக்கில்லை. அடுத்தவரை எதை நம்ப வைத்தோம் என்பதும் கணக்கு.

நான் படிக்கும் பொறியியலும் ஒன்று சொன்னது. அந்த அடைப்பு விட்டுக் கூலண்ட் வடிந்தால் எஞ்சின் கொதிக்கும், சிலிண்டர் ஹெட் வளையும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில், அந்த அண்ணன் தனியாக நிற்பார்.

காலையில் அவருக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "மாத்திக் குடுத்தா எடுத்துக்கிறேன் தம்பி" என்றார்.

அப்பாவும் நானும் வீட்டிலேயே மாற்றினோம். பழைய கூலண்டை லோங்காங்கில் விடாமல் பேசினில் பிடித்தோம். அது இனிக்கும், பூனை நாய் குடித்தால் செத்துவிடும். உள்ளே தங்கிய மருந்தைத் தண்ணீர் விட்டு அலசினோம். புது ரேடியேட்டரைப் பொருத்தி, மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை கூலண்ட் நிரப்பினோம். என் சேமிப்பில் 300 ரிங்கிட்டுக்கு மேல் போனது. மாமா இன்னும் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்றுதான் சொல்கிறார்.

நண்பர்களே, கேட்காததை எல்லாம் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் எதை நம்பித் தன் பிள்ளைகளை ஏற்றப் போகிறாரோ, அதில் குறை இருப்பது நமக்குத் தெரிந்தால், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.